சீனி வியாதியில் சிறுநீரகம் சரியும் போக்கை மெட்டபோலைட்டுகள் சொல்லுமா?

கேள்வி இதுதான். பாளையங்கோட்டையில் உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் ஒருவர், சர்க்கரை நோயாளிகள் 60 பேரின் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் மேலே நிற்கும் தெளிநீர்) மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் வைத்திருக்கிறார். அவர்களில் 20 பேருக்குச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் இல்லை, 20 பேருக்குக் கொஞ்சம் இறங்குகிறது, 20 பேருக்கு நிறைய இறங்குகிறது. இந்த மூன்று குழுவையும் மூலக்கூறுகளைப் பிரித்து எடை பார்க்கும் எல்.சி-எம்.எஸ் கருவியில் ஓட்டி, எந்த மெட்டபோலைட் கூடுகிறது, எது குறைகிறது என்று பார்த்தால், சிறுநீரக நோய் எப்படி முற்றுகிறது என்று சொல்லிவிடலாமா என்று கேட்கிறார்.

சொல்ல முடியாது. யாருக்கு நோய் எவ்வளவு கனத்திருக்கிறது என்று சொல்லலாம். யாருக்கு இனி வேகமாகச் சரியும் என்று சொல்ல, அதே ஆட்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்திருக்க வேண்டும். மூன்று வேறு மனிதர் கூட்டத்தை வரிசையாக நிறுத்திவைத்து அதை ஒரே மனிதரின் மூன்று காலகட்டம் போலப் படிப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. ஆல்புமின் நிறைய இறங்கும் 20 பேர், மற்ற 20 பேரின் எதிர்காலம் அல்ல. அவர்கள் வயதில் மூத்தவர்களாக இருக்கலாம், வேறு மாத்திரை எடுப்பவர்களாக இருக்கலாம். சிலருக்கு இருப்பது சர்க்கரையால் வந்த சிறுநீரக நோயாகவே இல்லாமலும் இருக்கலாம். ஆல்புமினே இறங்காமல் சிறுநீரகம் மட்டும் சரியும் சர்க்கரை நோயாளிகளும் உண்டு. அவர்கள் இந்த மூன்று பெட்டியில் முதல் பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்வார்கள்.

மெட்டபோலைட் என்பது செல்கள் எரித்து, உடைத்து, கட்டும் வேலையில் உருவாகிற சிறு மூலக்கூறு. சிட்ரேட், லாக்டேட், அமினோ அமிலங்கள், கார்னிட்டீனோடு ஒட்டிய கொழுப்பமிலங்கள் (அசைல்கார்னிட்டீன்), குடல் பாக்டீரியா செய்து அனுப்பும் கழிவுகள் எல்லாம் இதில் அடக்கம். சிறுநீரகத்தின் அண்மைச் சுருள்குழாய்ச் செல்கள் பெரும்பாலும் கொழுப்பமிலத்தை எரித்தே வேலை செய்கின்றன. அவற்றுக்குள் மைட்டோகாண்ட்ரியா நிறைந்து கிடக்கும். அந்த எரிப்பு தடுமாறினால், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்ந்தால் தேங்கும் தசைக் கழிவு) ஏறுவதற்கு முன்பே சிறுநீரின் கலவை மாறக்கூடும். இந்த நம்பிக்கையில்தான் ஆய்வே நடக்கிறது.

ஆனால் சிறுநீரகத்துக்கு ஒரு தனிக் குணம் இருக்கிறது. நாம் அளக்கிற பொருளையே வெளியேற்றுவதும் அதுதான். நம்ம ஊர்க் குளத்து மடையில் பாசியும் செத்தையும் அடைத்துக்கொண்டால் குளத்தில் தண்ணீர் ஏறும். ஏறின தண்ணீரை அளந்துவிட்டு, இந்தத் தண்ணீர்தான் மடையை அடைத்தது என்று எழுதினால் எந்த மடையாளும் ஏற்க மாட்டார். ரத்தத்தில் இண்டாக்சில் சல்ஃபேட், பி-கிரெசில் சல்ஃபேட், சூடோயூரிடின், எஸ்டிஎம்ஏ எல்லாம் சிறுநீரக நோயில் ஏறுகின்றன. வடிகட்டல் குறைந்ததால் ஏறியவை எவை, ஏறியதால் வடிகட்டலைக் கெடுத்தவை எவை என்று பிரிப்பதுதான் ஆய்வு. ஆய்வின் அமைப்பு, ரத்தம் எடுக்கும் முறை, கணக்கு எல்லாமே அந்தப் பிரிப்புக்காகத்தான்.

இதுவரை நின்றிருக்கும் சில முடிவுகளைப் பார்த்தால் இது தெளிவாகும். 2013இல் சர்மா குழுவினர் சிறுநீரில் 94 மெட்டபோலைட்டுகளை அளந்தார்கள். சர்க்கரைச் சிறுநீரக நோய் உள்ளவர்களிடம் 13 குறைந்திருந்தன. அவற்றில் 12 மைட்டோகாண்ட்ரியா வேலையோடு தொடர்புள்ளவை. இங்கே கவனிக்க வேண்டியது, அவை குறைந்தன என்பது. சிறுநீரில் குறைவதை வெறும் தேக்கம் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. 2014இல் பாஸ்டனின் ஜாஸ்லின் மையத்துக் குழு, 8 முதல் 12 ஆண்டுக்குள் சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்த 40 பேரையும் இழக்காத 40 பேரையும் எடுத்து, தொடக்கத்திலேயே சேமித்த ரத்தத்தை ஒப்பிட்டது. ஆட்கள் 80 பேர்தான். ஆனால் காலம் சரியான திசையில் ஓடுகிறது: ரத்தம் முன்னே, நோய் பின்னே. 2019இல் ஜப்பானியக் குழு ஃபீனைல் சல்ஃபேட்டைக் காட்டியது. குடல் பாக்டீரியா டைரோசினை ஃபீனாலாக்குகிறது, கல்லீரல் அதைச் சல்ஃபேட்டாக்குகிறது. அந்தப் பாக்டீரிய நொதியைத் தடுத்தபோது எலிகளில் ஆல்புமின் குறைந்தது. 2023இல் சிறுநீர் அடினைன் பற்றிய வேலை வந்தது. அடினைன் - கிரியாட்டினின் விகிதம் கூடியவர்களுக்குப் பின்னால் செயலிழப்பு அதிகம், ஆல்புமின் பெரிதாக இறங்காதவர்களிடமும் அப்படி. எலிகளில் அடினைன் உண்டாகும் வழியை மறித்தபோது சேதம் குறைந்தது. தடுத்துப் பார்த்தார்களே, அதுதான் பின்னிரண்டின் பலம். வெறும் தொடர்பைக் காட்டும் பட்டியல்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன.

இனி ஆய்வை அமைப்பது. தொடக்கத்தில் ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) 60க்கு மேல் உள்ளவர்களாக எடுப்பது நல்லது. 30க்குக் கீழே போனவர்களைச் சேர்த்தால் பல மெட்டபோலைட்டுகள் ஏறியே தெரியும், பிரிப்பது கடினம். மறுமுனையில் ஒரு எச்சரிக்கை: சர்க்கரையின் ஆரம்பத்தில் சிலருக்கு வடிகட்டல் அளவுக்கு மீறி ஓடும், ஈஜிஎஃப்ஆர் 120ஐத் தாண்டும். அவர்கள் ரத்தத்தில் பல பொருள்கள் இயல்பைவிடக் குறைவாக இருக்கும். அவர்களை ‘ஆரோக்கியமான ஒப்பீட்டுக் குழு’ ஆக்கிவிட்டால் மற்ற எல்லோரும் நோயாளியாகத் தெரிவார்கள்.

ஆல்புமின் - கிரியாட்டினின் விகிதத்தை ஒரு தடவை பார்த்து முடிவு கட்டக் கூடாது. கிராமுக்கு 30 மி.கி.க்குக் கீழ், 30 முதல் 300, 300க்கு மேல் என்பது பிரிவு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடும் உழைப்பு எதுவும் அதை ஏற்றிவிடும். 3 முதல் 6 மாதத்துக்குள் 3 தடவை பார்த்து, 2 தடவை ஒத்துவந்தால் மட்டுமே அந்தப் பிரிவில் வையுங்கள். கிரியாட்டினினை நொதி முறையில் அளக்கும் ஆய்வகத்தைத் தேடுங்கள். பழைய ஜாஃபே முறையில் ரத்தத்தில் அதிகச் சர்க்கரையும் கீட்டோனும் இருந்தாலே எண் தப்பும், நம் ஆட்களில் பலருக்கு அது இருக்கும். முடிந்தால் வடிகட்டலைக் காட்டும் இன்னொரு ரத்தப் பொருளான சிஸ்டாட்டின்-சியும் பாருங்கள். அது ஏன் முக்கியம் என்பது கணக்குப் பகுதியில் வரும்.

கண் விழித்திரைப் பரிசோதனை முடிவு இல்லாத ஆளைச் சேர்க்க வேண்டாம். விழித்திரையில் சேதமே இல்லாமல் திடீரென ஆல்புமின் கூடியிருந்தாலோ, சிறுநீரில் ரத்த அணுக்கள் இருந்தாலோ அது வேறு சிறுநீரக நோயாக இருக்க வாய்ப்பு உண்டு. மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரையையும் நாட்டு மருந்தையும் பெயரோடு கேட்டு எழுதுங்கள். ‘மாத்திரை எதுவும் எடுக்கிறீர்களா’ என்றால் இல்லை என்பார்கள். ‘கால் உளைச்சலுக்கு என்ன போடுவீங்க’ என்று கேட்டால் பதில் வரும்.

முற்றுதல் என்றால் என்ன என்பதை முதல் ரத்தத் துளி எடுக்கும் முன் எழுதி வைத்துவிடுங்கள். ஈஜிஎஃப்ஆர் ஆண்டுக்கு 5க்கு மேல் சரிவது, அல்லது தொடக்கத்திலிருந்து 40 விழுக்காடு நிலையாகக் குறைவது, இவற்றில் ஒன்று. சரிவைக் கணிக்க 2 ஆண்டுக்கு மேல் இடைவெளியில் குறைந்தது 3, முடிந்தால் 5 அளவுகள் தேவை. இரண்டு புள்ளி வைத்துக் கோடு போட்டால் சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வந்த ஒரு நாள் ஒருவரை ‘வேகமாகச் சரிபவர்’ ஆக்கிவிடும். மருந்தும் இதே வேலையைச் செய்யும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் தொடங்கிய சில வாரத்தில் ஈஜிஎஃப்ஆர் சற்று இறங்கி, பிறகு நிலைத்து, நாளடைவில் சிறுநீரகத்தைக் காக்கும். டெல்மிசார்டன், எனலாபிரில் வகை ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படியே. அந்த ஆரம்ப இறக்கத்தைச் சரிவு என்று எண்ணினால், சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தை நோயின் அடையாளமாக எழுதியவர் ஆவீர்கள். மருந்து தொடங்கிய தேதி இல்லாத பதிவேடு இந்த ஆய்வுக்கு உதவாது. மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே மாத்திரை வாங்குவோரிடம் மருந்து அட்டை இருக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எத்தனை பேர் தேவை? ஆட்களின் எண்ணிக்கையை எண்ணாதீர்கள், சரிந்தவர்களின் எண்ணிக்கையை எண்ணுங்கள். உதாரணத்துக்கு 300 பேரை 3 ஆண்டு தொடர்ந்து, 100க்கு 15 பேர் வேகமாகச் சரிந்தால் உங்களிடம் 45 நிகழ்வுகள்தான். ஒரு மாறிக்குப் பத்து நிகழ்வு என்ற பழைய விதிப்படி, ஒரு கணக்கு மாடலில் 4 மாறிக்கு மேல் வைக்க முடியாது. 300 பேரையும் கருவியில் ஓட்டப் பணம் இல்லையென்றால், சரிந்த 45 பேருக்கும் வயது, பால், நோயின் ஆண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடக்க ஈஜிஎஃப்ஆர் ஒத்துவரும் 45 அல்லது 90 பேரைப் பொறுக்கி ஓட்டலாம். ஜாஸ்லின் குழு செய்தது இந்த வகைதான்.

இப்போது நம் நெல்லை மாவட்டத்துக்கே உரிய சிக்கல். வெளிநாட்டுக் கட்டுரைகளில் இதற்கு விடை கிடைக்காது.

முதலில் மீன். டிஎம்ஏஓ என்ற பொருள் சிறுநீரகம், இதயம் இரண்டின் ஆய்விலும் அடிக்கடி வரும். இறைச்சி, முட்டையிலிருந்து குடல் பாக்டீரியா வழியாக அது உருவாகும். ஆனால் கடல் மீனின் சதையில் அது நேராகவே இருக்கிறது. உப்புநீர் அழுத்தத்தைத் தாங்க மீன் அதை வைத்திருக்கிறது. சுறாவிலும் திருக்கையிலும் இன்னும் அதிகம். குளத்துக் கெண்டையிலும் விராலிலும் மிகக் குறைவு. எனவே உவரியிலிருந்தும் இடிந்தகரையிலிருந்தும் வருகிறவர் முந்தின இரவு மீன் குழம்பு சாப்பிட்டிருந்தால், அம்பாசமுத்திரத்துக்காரரைவிட அவருக்கு டிஎம்ஏஓ பல மடங்கு கூடித் தெரியும். அவர் சிறுநீரகம் நன்றாகத்தான் இருக்கும். ரத்தம் எடுப்பதற்கு முன் 2 நாள் மீன், கருவாடு வேண்டாம் என்று சொல்லி, சொன்னபடி இருந்தாரா என்றும் கேட்டு எழுதுங்கள்.

அடுத்தது காலம். புரட்டாசியில் பாதி ஊர் கவிச்சி தொடாது. கடற்கரையில் தவக்காலத்தில் பலர் இறைச்சியை விடுவார்கள். மேலப்பாளையத்தில் ரமலான் மாதம் உண்ணும் நேரமே தலைகீழாகும்; அந்த மாதம் ஆண்டுக்கு 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஒருவரின் முதல் மாதிரியை ஐப்பசியிலும் அடுத்ததைப் புரட்டாசியிலும் எடுத்தால், ஒரு வருட நோய்ப்போக்கு என்று நீங்கள் காண்பது ஒரு மாத விரதமாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் எல்லா மாதிரிகளும் ஒரே பருவத்தில் வரும்படி அட்டவணை போடுங்கள்.

ஏத்தன் பழம் சாப்பிட்டால் சிறுநீரில் 5-ஹைட்ராக்சி இண்டோல் அசெட்டிக் அமிலம் ஏறும், டிரிப்டோஃபேன் பாதை கெட்டுப்போனதாகத் தோன்றும். காப்பி, தேயிலை ஹிப்யூரேட்டைக் கூட்டும். வெற்றிலை பாக்கு போடுபவரிடம் எம்/இசட் (கருவி காட்டும் எடை எண்) 156.1019இல் பாக்கின் அரெகோலின் தெரியலாம். பீடி சுற்றும் பெண்களை மறந்துவிடாதீர்கள். நிகோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். வாழ்நாளில் ஒரு பீடி குடிக்காதவரிடமும் 177.1022இல் நிகோட்டினிலிருந்து உண்டாகும் கோட்டினின் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ‘புகைப்பவரா’ என்ற கட்டத்துக்கு அருகே ‘பீடி சுற்றுபவரா’ என்று இன்னொரு கட்டம் இருக்கட்டும். 130.1087இல் பெரிதாக நிற்பது சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின். அதை நீக்காமல் புள்ளியியலில் விட்டால் ‘சர்க்கரை நோயின் புதிய அடையாளம்’ ஆகிவிடும். அது இருக்கிறதா என்று பார்ப்பது மாத்திரையை உண்மையில் போடுகிறாரா என்று சரிபார்க்கவும் உதவும். மெட்ஃபார்மின் ரத்தத்தில் சிட்ருலினைக் குறைக்கும், டாபாக்ளிஃப்ளோசின் வகை கீட்டோனைக் கூட்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பட்டினி நேரம் இன்னொன்று. பாளையங்கோட்டைக்காரர் இரவு 9 மணிக்குச் சாப்பிட்டு 7 மணிக்கு ரத்தம் கொடுப்பார். 10 மணி நேரம். ராதாபுரம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு வந்து சேருகிறவர் 7 மணிக்கே சாப்பிட்டுப் படுத்து, 10 மணிக்கு ஊசி குத்திக்கொள்வார். 15 மணி நேரம். இந்த 5 மணி வித்தியாசம் போதும், கொழுப்பமிலமும் கீட்டோனும் அசைல்கார்னிட்டீனும் ஏற. பிறகு ‘தூரத்துக் கிராமத்தாருக்கு மைட்டோகாண்ட்ரியா பழுது’ என்று ஒரு முடிவு வரும். பட்டினி 10 முதல் 12 மணி என்று வரம்பு வையுங்கள், அல்லது மாதிரி எடுக்க நீங்கள் அந்த ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களிடம், ரத்தம் கொடுத்துச் சாப்பிட்ட பிறகுதான் அன்றைய டோஸ் என்று மருத்துவர் வாயால் சொல்ல வையுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்த மருந்துகள் உடலில் நின்று வேலை செய்யும், வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கிப் போகும். இட்லிப் பொட்டலம் நீங்களே வைத்திருப்பது ஆய்வுச் செலவில் முதல் செலவாக இருக்கட்டும்.

வந்தவுடன் குத்தாதீர்கள். 15 நிமிடம் உட்கார வையுங்கள், நடந்து வந்த லாக்டேட் அடங்கட்டும். ஊதா மூடி இடிடிஏ குழாயில் 4 மி.லி. எடுத்து 8 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, உடனே பனிக்கட்டித் தண்ணீரில் வையுங்கள். ஜெல் உள்ள குழாய் வேண்டாம், அதன் பாலிமர் கருவிக்குள் வரும். நீல மூடிக் குழாயில் சிட்ரேட் இருக்கிறது. அளக்க வந்த பொருளையே நீங்கள் ஊற்றியதாகிவிடும். 30 நிமிடத்துக்குள் 4 டிகிரியில் 2,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். ‘3,000 ஆர்.பி.எம்’ என்று எழுதினால் போதாது. சுழல் ஆரம் 10 செ.மீ. உள்ள சிறு கருவியில் அது ஏறக்குறைய 1,000 ஜிதான். 2,000 ஜி வேண்டுமென்றால் சுமார் 4,230 சுற்று வைக்க வேண்டும்.

தாமதமானால் என்ன கெடும் என்பதைத் தெரிந்துகொண்டால் தானாக அவசரம் வரும். சிவப்பணு குழாய்க்குள்ளும் உயிரோடு இருக்கிறது. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குளுக்கோஸைத் தின்னும், லாக்டேட்டைத் துப்பும், ஹைப்போசாந்தீனை வெளியே விடும். அணு உடைந்தால் ஆர்ஜினேஸ் நொதி ஆர்ஜினினைக் குறைத்து ஆர்னித்தினைக் கூட்டும். நம் வெயிலில் இவையெல்லாம் இன்னும் வேகம். ஒரு மணி நேரம் ஸ்டாண்டில் நின்ற ரத்தமும் மைட்டோகாண்ட்ரியா கெட்ட ரத்தமும் காகிதத்தில் ஒன்றுபோலவே தெரியும். பிளாஸ்மா இளஞ்சிவப்பாக இருந்தால் குறித்துவைத்து ஒதுக்குங்கள். நல்லதை 200 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80இல் போடுங்கள். ஒரு குழாயை உருக்கினால் அது அந்த ஒரு வேலைக்கு மட்டும். திரும்ப உறைய வைக்காதீர்கள்.

சிறுநீர், காலை இரண்டாவது தடவை, நடு ஓட்டம். ஸ்ட்ரிப்பில் நைட்ரைட்டும் வெள்ளணுவும் பாருங்கள். தொற்று இருந்தால் பாக்டீரியாவின் மெட்டபோலைட்டைத்தான் அளப்பீர்கள். சர்க்கரை இறங்கும் சிறுநீரில் அவை நன்றாகவே வளரும். சுழற்றி அணுக்களை நீக்கிய பிறகே உறைய வையுங்கள், இல்லாவிட்டால் உருகும்போது அணு வெடித்து உள்ளே இருந்ததெல்லாம் கலந்துவிடும். நீர்மையைச் சரிக்கட்ட எல்லாவற்றையும் கிரியாட்டினினால் வகுப்பது வழக்கம். ஆனால் தசை வற்றிய மூதாட்டிக்குக் கிரியாட்டினின் குறைவு, வகுத்தால் எல்லாமே ஏறித் தெரியும். ஆஸ்மோலாலிட்டியாலும் (கரைந்த பொருள்களின் மொத்தச் செறிவு) ஒரு தடவை சரிக்கட்டிப் பார்த்து, இரண்டிலும் நிற்கும் முடிவையே நம்புங்கள்.

மாதிரிகளை 600 கி.மீ. தாண்டிச் சென்னைக்கு அனுப்ப நேர்ந்தால், தடிமனான தெர்மாகோல் பெட்டியில் ஒரு நாளுக்கு 5 கிலோ வீதம் உலர்பனி, ஒரு நாள் கூடுதலாகவும் சேர்த்து. குழாயின் திருகு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். உலர்பனியின் கரியமில வாயு உள்ளே கசிந்தால் பிளாஸ்மா புளித்து அமிலமாகும்.

பிரித்தெடுப்பது எளிய வேலை, ஒரே மாதிரி செய்வதுதான் கடினம். 50 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவுக்கு 200 மைக்ரோலிட்டர் மைனஸ் 20இல் குளிர வைத்த மெத்தனால். கனஐசோடோப்பு இட்ட உள்தரங்கள் (ஒப்பிட்டு அளக்க நாமே தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்கள்) மெத்தனாலிலேயே கலந்திருக்க வேண்டும், பின்னால் சேர்க்கக் கூடாது. 30 விநாடி சுழலாட்டி, மைனஸ் 20இல் 30 நிமிடம், பிறகு 4 டிகிரியில் 14,000 ஜியில் 15 நிமிடம். மேலே தெளிந்ததில் 180 மைக்ரோலிட்டரை எடுத்து, அடிப் புரதத்தைத் தொடாமல், உலர்த்துங்கள். பொருள்களைப் பிரிக்கும் தூண் (காலம்) இரண்டு வகை: சி-18 தூணுக்கு 5 விழுக்காடு அசிட்டோநைட்ரைலிலும், ஹிலிக் தூணுக்கு 80 விழுக்காட்டிலும் கரையுங்கள். ஹிலிக்கில் மாதிரியில் தண்ணீர் கூடினால் சிகரங்கள் (ஒவ்வொரு பொருளுக்கும் கருவி வரையும் மேடு) பரந்து வழிந்துபோகும். பிளாஸ்டிக் குழாய் மட்டமானதாக இருந்தால் 391.2843இலும் 149.0233இலும் தாலேட் வந்து நிற்கும். ஒரு வெற்றுக் குழாயை முழு முறைக்கும் உட்படுத்தி முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஓட்டும் வரிசை ஆய்வின் உயிர். எல்லா மாதிரியிலிருந்தும் 10 மைக்ரோலிட்டர் எடுத்துக் கலந்த ஒரு கூட்டு மாதிரி செய்யுங்கள். அதை முதலில் 8 முதல் 10 தடவை செலுத்தித் தூணைப் பழக்குங்கள். பிறகு ஒவ்வொரு 10 மாதிரிக்கும் ஒன்று. கூட்டு மாதிரியில் 30 விழுக்காட்டுக்கு மேல் அலைகிற சிகரத்தை விட்டுவிடுங்கள், அது எவ்வளவு அழகான முடிவு தந்தாலும். மாதிரிகள் குலுக்கல் வரிசையில். ஆனால் ஒருவரின் தொடக்க மாதிரியும் தொடர் மாதிரியும், சரிந்தவரும் அவரது ஜோடியும் ஒரே தொகுதியில். நோயாளிகளைத் திங்களும் மற்றவர்களைச் செவ்வாயும் ஓட்டினால் திங்களுக்கும் செவ்வாய்க்கும் உள்ள வேறுபாடு நோயாகிவிடும், எந்தக் கணக்காலும் அதை மீட்க முடியாது.

அடையாளம் காண்பதில் எடையை மட்டும் நம்பாதீர்கள். யூரிடினுக்கும் சூடோயூரிடினுக்கும் ஒரே வாய்பாடு. எதிர் அயனி முறையில் இரண்டும் 243.0622. ஏடிஎம்ஏவும் எஸ்டிஎம்ஏவும் 203. கருவிக்குள் உடைத்தால் முன்னது எடை 46 உள்ள துண்டையும் பின்னது 172 உள்ள துண்டையும் தரும். ஏடிஎம்ஏ ரத்தக்குழாயைச் சுருக்கும் பொருள், எஸ்டிஎம்ஏ முக்கியமாகச் சிறுநீரகத்தால் வெளியேறும் பொருள். மாற்றி எழுதினால் கதையே மாறிவிடும். உண்மையான தரப் பொருளை அதே தூணில் ஓட்டி, நேரமும் துண்டும் ஒத்தால்தான் பெயர் எழுதலாம். மற்றதைத் ‘தற்காலிகப் பெயர்’ என்றே குறியுங்கள். முதுகலைக் காலத்துக்குள் முடிக்க வேண்டுமானால், ஆயிரக்கணக்கான பெயரற்ற சிகரங்களைத் துரத்துவதைவிட, 40 அல்லது 60 பொருள்களைத் தரத்தோடு அளப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கணக்கில் இரண்டு படி. முதல் மாடலில் மெட்டபோலைட்டோடு வயது, பால், நோயின் ஆண்டு, ஹெச்பிஏ1சி, ரத்த அழுத்தம், மருந்து. இரண்டாவதில் தொடக்க ஈஜிஎஃப்ஆரும் ஆல்புமின் விகிதத்தின் மடக்கையும் சேரும். மேலே சொன்ன 4 மாறி வரம்பு இங்கே இடிக்கும். அதனால்தான் ஜோடி சேர்க்கும்போதே வயது, பால், ஈஜிஎஃப்ஆரை ஒத்துவைப்பது. இரண்டாவதில் தொடர்பு கரைந்துபோனால் அது மடைத் தண்ணீர். கரையாமல் நின்றால் உடனே மகிழ வேண்டாம். கிரியாட்டினின் வழி கிடைக்கும் ஈஜிஎஃப்ஆர் ஒரு மதிப்பீடுதான், அதில் பிழை உண்டு. சூடோயூரிடின், சி-மானோசில் டிரிப்டோஃபேன் போன்றவை உண்மையான வடிகட்டலோடு மிக நெருங்கி ஓடுபவை. கிரியாட்டினின் தவறவிட்ட வடிகட்டல் குறைவை அவை பிடித்துக் காட்டுவதாலேயே ‘தனித்து நிற்கும் முன்கணிப்பு’ போலத் தோன்றலாம். இதற்காகத்தான் சிஸ்டாட்டின்-சி. அதையும் சேர்த்த பிறகும் நிற்பதை மட்டும் தனியே எடுத்து வையுங்கள்.

சிறுநீரும் ரத்தமும் ஒரே காலையில் எடுத்திருந்தால் ஒரு நல்ல கருவி கிடைக்கிறது: பகுதி வெளியேற்றம். சிறுநீர் - ரத்த அளவு விகிதத்தைக் கிரியாட்டினினின் அதே விகிதத்தால் வகுப்பது. ஒரு பொருள் ரத்தத்தில் 20, சிறுநீரில் 1,000 மைக்ரோமோலார். கிரியாட்டினின் ரத்தத்தில் 1.2, சிறுநீரில் 120 மி.கி. என்று வையுங்கள். 50ஐ 100ஆல் வகுத்தால் 50 விழுக்காடு. இரண்டு ஆண்டு கழித்து அதே ஆளுக்கு ரத்தத்தில் 30, சிறுநீரில் 540, கிரியாட்டினின் 1.6, 96 என்றால், 18ஐ 60ஆல் வகுக்க 30 விழுக்காடு. வடிகட்டல் குறைந்தது தனி. அதற்கு மேலும் குழாய்கள் அந்தப் பொருளைக் கையாளும் விதமே மாறிவிட்டது என்று இது சொல்கிறது. இண்டாக்சில் சல்ஃபேட், பி-கிரெசில் சல்ஃபேட் இரண்டும் ஆல்புமினில் ஒட்டிக்கொண்டே ஓடுபவை, வடிகட்டியில் எளிதில் இறங்காதவை, குழாய்ச் செல்கள் பிடித்துத் தள்ளித்தான் வெளியேறுபவை. அவற்றில் இந்தக் கணக்கு நிறையச் சொல்லும்.

பல பொருள்களைச் சோதிப்பதால் பொய்க் கண்டுபிடிப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பெஞ்சமினி - ஹாக்பெர்க் முறையில் 5 விழுக்காடு போதும். குழுக்களைப் பிரிக்கும் பிஎல்எஸ்-டிஏ என்ற புள்ளியியல் முறையின் படம் எந்தக் குப்பையையும் இரண்டு அழகான வட்டமாகப் பிரித்துக் காட்டும். குழுப் பெயர்களை 1,000 தடவை குலுக்கிப் போட்டும் பிரிகிறதா என்று பார்க்காமல் அந்தப் படத்தை ஆய்வேட்டில் ஒட்டாதீர்கள். கடைசியில் ஒப்பிட வேண்டியது வெறும் கையோடு அல்ல, வயது, பால், ஈஜிஎஃப்ஆர், ஆல்புமின் விகிதம் என்ற நான்கையும் வைத்துச் செய்யும் கணிப்போடு. எளிதில் கிடைக்கும் அந்த நான்கு விவரங்களைவிட உங்கள் மெட்டபோலைட் கூடுதலாக எதையாவது சொன்னால்தான் நோயாளிக்குப் பயன்.

கையில் இருக்கும் 60 சீரத்தை என்ன செய்வது? தூக்கி எறிய வேண்டாம். சீரத்துக்காக ரத்தம் உறைகட்டும் நேரத்தில் தட்டணுக்கள் விடும் பொருள்கள் கலந்திருக்கும், மைனஸ் 20இல் வேதி மாற்றம் முழுதாக நிற்காது. ஆகவே லாக்டேட், ஹைப்போசாந்தீன், ஆர்ஜினின் போன்றவற்றை அதில் நம்ப முடியாது. பி-கிரெசில் சல்ஃபேட், இண்டாக்சில் சல்ஃபேட், எஸ்டிஎம்ஏ போல உறுதியான பொருள்களைத் தரத்தோடு அளந்து முறையைப் பழகிக்கொள்ள அவை போதும். கூட்டு மாதிரி செய்யவும், உங்கள் கை எவ்வளவு அலைகிறது என்று பார்க்கவும் பயன்படும். அந்த 60 பேரின் முகவரி ஒப்புதல் படிவத்தில் இருக்கும். நெறிமுறைக் குழுவிடம் தொடர் ஆய்வுக்குத் திருத்த அனுமதி கேளுங்கள். கிடைத்தால் அவர்களில் ஈஜிஎஃப்ஆர் 60க்கு மேல் உள்ளவர்களை மறுபடி வரச் சொல்லி, இந்தத் தடவை இடிடிஏ பிளாஸ்மாவும் காலைச் சிறுநீரும் எடுங்கள். அவர்களிடமிருந்தே உங்கள் முதல் நாள் தொடங்கலாம்.